பெரிய நாள் பஜார்

பை கனமாக இருந்தது. உள்ளே இரண்டு கண்ணாடி ஜாடிகள். நவம்பர் முதல் வாரத்திலிருந்து ரம்மில் ஊறிக்கொண்டிருக்கும் திராட்சை, ஆரஞ்சுத் தோல், பூசணிப் பேட்டா. அதற்குக் கீழே மைதா, சர்க்கரை, வெண்ணெய், முந்திரி. இன்னொரு பையில் ஏழு தகர டின்கள். முட்டை மட்டும் தனியாக, என் மடியில். "டாக்ஸிக்காரனிடம் பள்ளத்தைப் பார்த்து ஓட்டச் சொல்லுங்கள்" என்று கீழ்வீட்டு ஆன்ட்டி மூன்றாவது முறையாகச் சொன்னார். கடைசியாக ஒரு துண்டுச் சீட்டை அவரே என் சட்டைப் பையில் செருகினார். அதில் ஏழு பெயர்கள். ஒவ்வொரு டின்னும் யாருக்கு என்று பென்சிலால் எழுதியிருந்தது.

டிசம்பர் 23, காலை எட்டு மணி. லேக் கார்டன்ஸில் பனிமூட்டம் விலகவில்லை. குரங்குக் குல்லாய் அணிந்த வங்காளிப் பெரியவர்கள் பால் பாக்கெட்டுடன் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு டிகிரிக்கே காதை மூடிக்கொள்கிற ஊர் இது.

பெயரில் ஏரியும் இருக்கிறது, தோட்டமும் இருக்கிறது. பஜ்பஜ் லோக்கல் ஓடும் ரயில் பாதைக்கு வடக்கே ஏரி. தெற்கே நாங்கள். தோட்டத்தைத்தான் தேட வேண்டும். 1920-களில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் சதுப்பு நிலத்தைத் தோண்டி உருவாக்கிய ஏரி அது. 1958-ல் ரவீந்திர சரோவர் என்று பெயர் மாற்றினார்கள். ஆனால் யாரைக் கேட்டாலும் 'லேக்' என்றுதான் சொல்வார்கள். அந்த லேக்கின் பெயரில்தான் லேக் மார்க்கெட்டும். வாழையிலை, முருங்கைக்காய், கறிவேப்பிலை, தொடுத்த பூ என்று கொல்கத்தாத் தமிழர்களின் சமையலறையும் பூஜை அறையும் நம்பியிருக்கும் இடம். மார்கழி பிறந்தால் பூக்காரர் பக்கத்திலேயே பழக் கேக் அட்டைப்பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டுவிடும். வீட்டுக்குச் சாமந்தியும் பிள்ளைகளுக்குக் கேக்கும் வாங்கிக்கொண்டு போகிற மாமிகளைப் பார்க்கலாம். இதில் விசித்திரம் எதுவும் இருப்பதாக இங்கே யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆன்ட்டி ஆங்கிலோ-இந்தியர். தமிழ் சினிமா நமக்குக் கற்றுக்கொடுத்த 'என்ன மேன்' ரகம் அல்ல. மீன்காரரிடம் வங்காளத்தில் பேரம், பேக்கரியில் இந்தி, வீட்டில் ஆங்கிலம். பிறந்து வளர்ந்தது நகரின் நடுவே உள்ள போ பாரக்ஸ் குடியிருப்பில். கணவருக்கு ரயில்வே வேலை. அவர் ஓய்வு பெற்ற பணத்தில் லேக் கார்டன்ஸில் இரண்டு அறை ஃபிளாட் வாங்கினார்கள். அவர் காலமாகிப் பல வருடமாகிறது. மகள் மெல்போர்னில். பதினோரு வருடமாக "வந்துவிடு" என்று மகளும், "பார்க்கலாம்" என்று இவரும். இந்த வருடம் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. விசா வந்துவிட்டது. ஜனவரி கடைசியில் விமானம்.

அதனால்தான் பை என் கைக்கு வந்தது. நாற்பது வருடமாக அவரே எடுத்துப் போன பை.

தால்தலாவின் சந்துகளில் நுழைந்தால் பேக்கரிக்கு விலாசம் வேண்டியதில்லை. வாசனை கூட்டிப்போகிறது. வருடம் முழுவதும் ரொட்டியும் பிஸ்கட்டும் சுடுகிற விறகு அடுப்புகள் டிசம்பரில் பத்துப் பன்னிரண்டு நாள் வேறு வேலைக்குத் திரும்பிவிடுகின்றன. குடும்பங்கள் தங்கள் சாமான்களைத் தாங்களே கொண்டுவரும். பேக்கரி ஆட்கள் கலந்து, சுட்டுக் கொடுத்து, பவுண்டு கணக்கில் கூலி வாங்கிக்கொள்வார்கள். நம் ஊரில் அரிசியை மில்லுக்கு எடுத்துப்போய் மாவரைத்து வருவது மாதிரிதான். வீட்டில் ஓவன் இருந்தாலும் விறகுச் சூட்டில் வெந்த கேக்குக்குத் தனிச் சுவை என்று நம்புகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

எனக்கு முன்னால் பதினான்கு பேர். அகலமான அலுமினியப் பாத்திரத்தின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த இளைஞர் வெண்ணெயையும் சர்க்கரையையும் முழங்கை வரை விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தார். முட்டை ஒவ்வொன்றாக உடைந்து விழுகிறது. பிறகு மாவு. பிறகு கருகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு. பிளம் கேக்கின் கறுப்பு நிறம் அதிலிருந்துதான். கடைசியில்தான் பழம். ஒவ்வொரு வீட்டுப் பெண்மணியும் தன் பாத்திரத்தின் பக்கத்தில் நின்று கண் இமைக்காமல் பார்க்கிறார். தன் முந்திரி அடுத்தவர் கேக்கில் போய்விடக் கூடாதே! கலக்கிறவர் முஸ்லிம். ரம்மில் ஊறிய பழத்தை மட்டும் அவர் கையால் தொடுவதில்லை. ஜாடியை நாமே கவிழ்க்க வேண்டும், அவர் மரக்கரண்டியால் கிளறுவார். இதற்கு ஒரு வார்த்தை விளக்கம் யாரும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் நின்றவர்கள் தாங்களாகவே கவிழ்த்தார்கள். நானும் கவிழ்த்தேன்.

மேஸ்திரி வெண்தாடிப் பெரியவர். ஜாடியின் மூடியைப் பார்த்தே "லேக் கார்டன்ஸ் மேம்சாப்" என்றார். "அவர் வரவில்லையா?" கால் வலி என்றேன். முழுப் பொய் இல்லை. "ராத்திரி ஒன்பது மணிக்கு வாருங்கள்" என்று சொல்லி டின்களில் சாக்பீஸால் எண் போட்டார்.

பன்னிரண்டு மணி நேரம் கையில் இருந்தது. மேற்கே பதினைந்து நிமிட நடையில் நியூ மார்க்கெட்.

வெள்ளைக்காரர்கள் சுதேசிகளோடு தோளுரசாமல் கறிகாய் வாங்குவதற்காகக் கட்டப்பட்ட சந்தை இது. கிழக்கிந்திய ரயில்வே கம்பெனியின் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் ராஸ்கல் பெய்ன் வரைபடம் போட்டார். 1874 ஜனவரி 1-ல் திறந்தார்கள். மாநகராட்சித் தலைவராக இருந்த ஸ்டூவர்ட் ஹாகின் பெயரைப் பின்னாளில் வைத்தார்கள். 1985 டிசம்பரில், கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடித்திருந்த நேரத்தில், தீ ஒரு பகுதியைத் தின்றுவிட்டது. எரிந்த இடத்தில் எழுந்த புதிய கட்டடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய சிவப்புச் செங்கல் பகுதிதான் இன்றும் சந்தை.

டிசம்பரில் வெளி நடைபாதை முழுவதும் பிளாஸ்டிக் ஊசியிலை மரங்கள், ஜிகினா, காகித நட்சத்திரங்கள், பஞ்சுப் பனி. கடைக்காரர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வங்காள இந்துக்கள். இரண்டடி உயரமுள்ள சாண்டா கிளாஸ் பொம்மைக்கு நெற்றியில் பொட்டிட்ட ஒரு பாட்டி பத்து நிமிடம் பேரம் பேசினார். இருபது ரூபாய் வித்தியாசத்தில் நடையைக் கட்டினார். கடைக்காரர் கூப்பிட்டார். பாட்டி காதில் விழாத மாதிரி இன்னும் நாலடி நடந்தார். பிறகு திரும்பினார். உள்ளே பாலாடைக்கட்டிக் கடையில் பண்டேல் சீஸ் என்று சின்னச் சின்ன வில்லைகள் விற்கிறார்கள். போர்த்துக்கீசியர்கள் ஹூக்ளிக் கரையில் விட்டுப்போன சொத்து. புகையூட்டிய வகைக்கு உப்பு அதிகம். தண்ணீரில் ஊற வைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

கூட்டம் ஓரிடத்தில் பாம்பாக வளைந்து நிற்கிறது என்றால் அது நஹூம்ஸ். பாக்தாத் யூதரான நஹூம் இஸ்ரேல் மொர்தகாய் 1902-ல் தொடங்கிய பேக்கரி. 1916-லிருந்து இந்தச் சந்தையில் இருக்கிறது. பழைய மர அலமாரிகள், கண்ணாடிப் பெட்டிகள். மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்த டேவிட் நஹூம் 2013-ல் காலமாகும்வரை கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஒரு காலத்தில் கல்கத்தாவில் சில ஆயிரம் யூதர்கள் இருந்தார்கள். இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். 1884-ல் கட்டிய மகேன் தாவீத் ஜெபாலயத்தைத் தலைமுறைகளாகக் காத்துவருவது முஸ்லிம் பணியாளர்கள். பார்க் ஸ்ட்ரீட்டில் உள்ள யூதப் பெண்கள் பள்ளியில் படிக்கும் மாணவிகளில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். யூதர் கடையில் முஸ்லிம்கள் சுட்ட கிறிஸ்துமஸ் கேக்கை வாங்க இந்துக்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்ற வாக்கியத்தை எழுத எந்தப் பத்திரிகைக்காரனுக்கும் கை அரிக்கும். நானும் எழுதிவிட்டேன். ஆனால் அந்த வரிசையில் ஐம்பது நிமிடம் நின்றபோது யாரும் மத நல்லிணக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. ரிச் பிளம் தீர்ந்துவிடுமா என்பதுதான் எல்லோருக்கும் கவலை.

எனக்கு வேறொரு சந்தை நினைவுக்கு வந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு மொழிபெயர்ப்புப் பட்டறைக்காக ஜெர்மனி போயிருந்தபோது நியூரம்பர்க் நகரின் கிறிஸ்துமஸ் சந்தையைப் பார்த்தேன். உலகப் புகழ் பெற்றது. சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட துணிக் கூரையுடன் மரக்கடைகள், இஞ்சியும் ஏலமும் கிராம்பும் மணக்கும் லெப்கூகன் ரொட்டி, உலர்ந்த பிளம் பழத்தில் செய்த குட்டி மனிதர்கள், சுடச்சுட மசாலா ஒயின். ஒயின் கோப்பைக்கு முன்பணம் கட்ட வேண்டும், திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ். எல்லாம் அழகு, எல்லாம் ஒழுங்கு. சந்தை நடக்கும் சதுக்கத்தின் ஓரத்தில் அன்னை மரியாள் தேவாலயம். அது ஏன் அங்கே இருக்கிறது என்று விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்தச் சதுக்கம் ஒரு காலத்தில் யூதர்களின் குடியிருப்பு. 1349 டிசம்பர் 5 அன்று அங்கிருந்த யூதர்களில் 562 பேரைக் கொன்றார்கள். வீடுகளை இடித்துச் சந்தைச் சதுக்கம் அமைத்தார்கள். யூத ஜெபாலயம் இருந்த இடத்தில் தேவாலயம் எழுந்தது. ஊரின் வேறு பகுதிகளுக்குப் போயிருந்த கிறிஸ்துமஸ் சந்தையை 1933-ல் மீண்டும் அந்தச் சதுக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் நாஜிகள். போரில் தரைமட்டமான ஊர் 1948-ல் சந்தையைத் திரும்பத் தொடங்கியது. இந்தச் சரித்திரத்தை ஜெர்மானியர்கள் மறைப்பதில்லை, கேட்டால் சொல்கிறார்கள். ஆனாலும் அதன்பிறகு என் கையில் இருந்த ஒயின் இறங்கவில்லை.

நஹூம்ஸ் வரிசையில் என் முறை வந்தபோது ரிச் பிளம் தீர்ந்துவிட்டது. லைட் பிளம்தான் கிடைத்தது.

வங்காளிகள் கிறிஸ்துமஸ் என்று சொல்வது குறைவு. 'பொரோதின்' என்பார்கள், பெரிய நாள். மொழிபெயர்ப்பாளனாக எனக்கு இந்தச் சொல்லில் ஒரு பிடிப்பு உண்டு. யார் பிறந்தார், யாருக்குப் பண்டிகை என்பதெல்லாம் பெயரிலேயே இல்லை. நாள் பெரியது, அவ்வளவுதான். பகல் மறுபடி நீளத் தொடங்கும் காலம் என்பதால் இந்தப் பெயர் என்று ஒரு விளக்கம் உண்டு. பேலூர் மடத்திலேயே டிசம்பர் 24 மாலை இயேசுவின் படத்தை வைத்து, கேக்கும் பழமும் படைத்து, ஆரத்தி எடுக்கிறார்கள். 1886-ல் அதே தேதி இரவில்தான் ஆன்ட்பூர் கிராமத்தில் நரேந்திரரும் சகோதரச் சீடர்களும் தீ வளர்த்துத் துறவுக்கு உறுதி எடுத்தார்கள். அன்று கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்பது பிறகுதான் அவர்களுக்கு உறைத்ததாம்.

மதியம் டல்ஹவுசி பக்கம் நடந்தேன். ஒரு தமிழன் இந்த ஊரில் கிறிஸ்துமஸ் சமயம் போய்ப் பார்க்க வேண்டிய இடம் என்று நான் நினைப்பது, அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே ஒதுங்கி நிற்கும் ஓல்ட் மிஷன் சர்ச். ஜனங்கள் வைத்த பெயர் 'லால் கிர்ஜா', சிவப்புக் கோயில். இதைக் கட்டிய கியர்நாந்தர் சுவீடன்காரர். ஜெர்மனியின் ஹாலே நகரில் பயின்றவர். சீகன்பால்கு போன்றவர்களைத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய அதே ஹாலே. 1740-ல் கடலூருக்கு வந்தார், தமிழ் கற்றார், பதினெட்டு வருடம் அங்கே இருந்தார். 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் கடலூரைப் பிடித்தபோது இடம் பெயர்ந்து கல்கத்தா வந்து சேர்ந்தார். 1770-ல் இந்தத் தேவாலயம் திறக்கப்பட்டது. நகரின் மிகப் பழைய புராட்டஸ்டன்ட் கோயில் இதுதான். முதுமையில் மனிதர் கடனில் மூழ்கினார். கோயில் ஏலத்துக்குப் போகும் நிலையில் 1787-ல் சார்ல்ஸ் கிராண்ட் பத்தாயிரம் ரூபாய் கொடுத்து மீட்டார். கடலூரில் தமிழில் பிரசங்கம் செய்து பழகிய நாக்கு இந்த ஊரில் வந்து என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசிப்பேன். வங்காளம் பேசத் தொடங்கிய முதல் வருடத்தில் எனக்கு ஆன கதி எனக்குத் தெரியும்.

இருட்டியதும் போ பாரக்ஸ். மெட்ரோவில் சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி, பௌபஜார் காவல் நிலையத்துக்குப் பின்னால் திரும்ப வேண்டும். சிவப்புச் செங்கல், பச்சை ஜன்னல், மூன்று மாடிக் கட்டடங்கள் எதிரெதிராக. நடுவே ஒரு தெரு. முதல் உலகப் போர்க் காலத்தில் சிப்பாய்களுக்காகக் கட்டியது. அவர்கள் போனபின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்குச் சொற்ப வாடகைக்கு விட்டார்கள். விட்டது எங்கள் ஏரியைத் தோண்டிய அதே இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட். கட்டடம் பாதுகாப்பற்றது, இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்ற பேச்சு பல வருடம் நடந்தது. குடியிருந்தவர்கள் ஒப்பவில்லை. அஞ்சன் தத் 2004-ல் இதைக் கருவாக வைத்து ஒரு படமே எடுத்தார்.

பெயரைத் தமிழில் எழுதும்போதெல்லாம் கொஞ்சம் தயங்குவேன். 'போ' என்றாகிவிடுகிறது. போனவர்கள்தான் அதிகம். ரயில்வே, சுங்கம், தபால்-தந்தி வேலைகளில் ஆங்கிலோ-இந்தியருக்கு இருந்த சலுகையை அரசியல் சட்டம் பத்து வருடத்தில் படிப்படியாகக் கரைத்தது. பிரிட்டனுக்குப் போனார்கள், கனடாவுக்குப் போனார்கள். 1973-ல் ஆஸ்திரேலியா வெள்ளையருக்கே இடம் என்ற கொள்கையை முற்றிலும் கைவிட்டதும் அங்கே போனார்கள். 2019 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் மத்திய அமைச்சர் ஒரு கணக்குச் சொன்னார்: 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் உள்ள ஆங்கிலோ-இந்தியர்கள் 296 பேர். அந்தத் தெருவில் அன்று மாலை நான் கண்ட கூட்டத்திலேயே அதற்கு மேல் தேறியிருக்கும்! சமூகத்தினர் கொதித்தார்கள். ஆனாலும் அடுத்த மாதமே, 2020 ஜனவரியில், மக்களவையில் அவர்களுக்கிருந்த இரண்டு நியமன இடங்கள் முடிவுக்கு வந்தன.

தெருவில் மேடை, விளக்குத் தோரணம், ஒலிபெருக்கி. வாசலில் மேசை போட்டு வீட்டில் செய்த இஞ்சி ஒயின், திராட்சை ஒயின், ரோஸ் குக்கி, குல்குல் விற்கிறார்கள். ரோஸ் குக்கி வேறொன்றுமில்லை, நம் அச்சுமுறுக்குதான். ஒரு பாக்கெட் வாங்கிக் கடித்தபோது எங்கள் அத்தை நினைவு வந்தது. பக்கத்திலேயே பருவா பேக்கரி. சிட்டகாங் பக்கத்து வங்காள பௌத்தர்களின் குடும்பப் பெயர் அது. இரண்டு எட்டு வைத்தால் பௌத்த தர்மாங்குர விகாரை. பிக்குகள் வந்துபோகும் தெருவழியேதான் சாண்டா கிளாஸ் கைவண்டி ரிக்‌ஷாவில் வருகிறார்.

ஆன்ட்டி சொன்ன அடையாளத்தை வைத்து ஒரு ஜன்னலைத் தேடினேன். இரண்டாவது மாடி, இடது ஓரம். அதில் நட்சத்திரம் தொங்கவில்லை. துணி காய்ந்தது. கீழே நின்றிருந்த ஒரு பெண்மணி, "அந்த வீட்டில் இப்போது வேறு ஆட்கள். நல்லவர்கள்தான். பூஜைக்கு எங்களுக்குச் சந்தேஷ் கொடுப்பார்கள்" என்றார். அவர் மகன்கள் இருவரும் பெர்த்தில். டிசம்பருக்கு வருவார்களா என்றேன். "டிக்கெட் விலை தெரியுமா உங்களுக்கு?" என்று திருப்பிக் கேட்டார். ஆனால் வேறு பலர் வந்திருந்தார்கள். தெரு நடுவே கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகையும் சிரிப்புமாக நிற்பவர்களின் ஆங்கிலத்தில் இருந்த வேற்று நாட்டு இழுப்பைக் கேட்டே சொல்லிவிடலாம். அவர்களைச் சுற்றி, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் போன்ற வேடிக்கைக்காரர்கள். குடியிருப்பவர்களைவிட நாங்கள் பத்து மடங்கு இருந்தோம். வாசற்படியில் கூடை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு முதியவரை இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் கேட்காமலே படம் எடுத்தார்கள். அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் என் செல்போனைப் பையில் போட்டேன்.

பார்க் ஸ்ட்ரீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுவிஸ் தம்பதி 1927-ல் தொடங்கிய ஃப்ளூரிஸின் வாசலில் கூட்டம், ஆலன் பூங்காவில் மாநில அரசு 2011 முதல் நடத்தும் திருவிழா, போலீஸ் தடுப்பு, பீப்பி, சிவப்புக் குல்லாய். துர்கா பூஜைக் கூட்டத்துக்கு ஸ்வெட்டர் போட்டுவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. நடக்கவில்லை, தள்ளப்பட்டேன்.

தால்தலாவுக்குத் திரும்பியபோது ஒன்பதரை. நீண்ட மரத்துடுப்பால் அடுப்பின் ஆழத்திலிருந்து டின்களை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெண்தாடிப் பெரியவர் ஏழு டின்களையும் தட்டிப் பார்த்து, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். ஏன் என்றேன். "பழைய கஸ்டமர்" என்றார். பிறகு, "அடுத்த வருடம் கால் சரியானதும் மேம்சாப்பையே வரச் சொல்லுங்கள்" என்றார். வங்காளிகளும் நம்மைப் போலத்தான். விடைபெறும்போது 'போகிறேன்' என்று சொல்ல மாட்டார்கள், 'ஆஷ்சி' என்பார்கள், வருகிறேன். நானும் அதையே சொல்லிவிட்டு வந்தேன். அவருக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.

லேக் கார்டன்ஸ் வந்து சேரப் பதினொன்றாகிவிட்டது. ஆன்ட்டி விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். பாதி கட்டிய சூட்கேஸ்கள் சுவரோரம். ஒவ்வொரு டின்னாக மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். ஒன்றில் ஓரம் கொஞ்சம் கருகியிருந்தது. "நீங்கள் பக்கத்தில் நிற்கவில்லை" என்று கோபித்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை. பெயர்ச் சீட்டைப் பார்த்து வரிசைப்படுத்தினார். லேக் மார்க்கெட் மீன்காரர், ரத்த அழுத்தம் பார்க்கும் டாக்டர், வேலைக்கு வரும் பெண், மூன்றாவது மாடி தம்பதி, இஸ்திரிக்காரர், சர்ச்சில் உடன் பாடும் தோழி. ஏழாவது எங்கள் வீடு.

எங்கள் டின் எனக்கு நன்றாகத் தெரியும். மூடியில் நீல ரோஜா, ஒரு பக்கம் நசுங்கல். பதினோரு வருடமாக வருகிறது. ஜனவரி முதல் வாரத்துக்குள் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஒரு நாள் தள்ளினாலும் மாடி ஏறி வந்து மணி அடிப்பார். ஒரு முறை என் மனைவி அதில் ரவையைப் போட்டு வைத்துவிட்டு அவர் வாயில் விழுந்து எழுந்ததும் உண்டு.

டின்னை என் கையில் கொடுத்தார். படியில் கால் வைத்த என்னைக் கூப்பிட்டார்.

"இந்தத் தடவை அதைத் திருப்பித் தர வேண்டாம்."